மியூ மினி பிளஸா, ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச்-ஆ?

பழைய வீடியோ கேம்கள் ஆடும் இந்த இரண்டு கையடக்கக் கருவிகளில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஆடக் கேட்டது கேம் பாய் அட்வான்ஸ், பிளேஸ்டேஷன் 1 கேம்கள்தான், அதுவும் கருவி சட்டைப்பையில் அடங்கணும். அதற்கு மியூ மினி பிளஸ் தாராளம்: 3.5 அங்குலத் திரை, 640-க்கு 480 பிக்சல். ஆனால் ரேம் 128 எம்பிதான், அனலாக் ஸ்டிக்கும் (விரலால் எந்தப் பக்கமும் சாய்க்கும் குச்சி) இல்லை. பின்னால் பிஎஸ்பி (சோனியின் கையடக்க பிளேஸ்டேஷன்) கேம்கள் ஆடும் ஆசை வருமென்றால் இப்போதே ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் வாங்கிவிடுங்கள். கொஞ்சம் அகலம், பேன்ட் பைக்குத்தான் சரி.

எதை வாங்கினாலும் கூட வரும் மெமரி கார்டை நம்பாதீர்கள். சீக்கிரம் கெட்டு, ஆட்டத்தில் சேமித்து வைத்த சேவ் எல்லாம் போய்விடும். நல்ல பிராண்டில் 64 ஜிபி போடுங்கள். மினி பிளஸில் ஆனியன் ஓஎஸ் என்ற இயங்கு மென்பொருளை ஏற்றும்போது கார்டு ஃபேட்32 என்ற ஃபார்மேட்டில் இருக்கணும். புது 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபார்மேட்டில் வரும், அப்படியே போட்டால் பூட் ஆகாது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரத்தில் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 கிடைக்காது, ரூஃபஸ் என்ற கணினி மென்பொருளில் செய்யுங்கள்.