ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, ஒர்க் பர்மிட் வருமா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்றிரவு நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆஃபர் லெட்டரை இரண்டு தடவை படித்தேன். குரல் பதிவையும் கேட்டேன். "காலேஜ் டிஎல்ஐ லிஸ்ட்ல இருக்குதுங்களாமா, படிச்சு முடிச்சா ஒர்க் பர்மிட் கன்ஃபார்ம்னு ஏஜென்ட் சொல்றார், திங்கக்கிழமைக்குள்ள ஃபீஸ் கட்டோணும், வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வெச்சாச்சு" என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். பாப்பாவுக்குப் படிப்பு முடிந்ததும் கனடாவில் வேலை செய்ய அனுமதி கிடைக்குமா?

இந்தப் படிப்புக்குக் கிடைக்காது அண்ணா. திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள்.

டிஎல்ஐ பட்டியலில் ஒரு கல்லூரி இருந்தால், வெளிநாட்டு மாணவரைச் சேர்த்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. அவ்வளவுதான் அதன் பொருள். அங்கே படித்தவருக்கு பிஜிடபிள்யூபி, அதாவது படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடைக்குமா என்பது வேறு கேள்வி. கல்லூரிக்கு அந்தத் தகுதி இருந்தாலும், பாப்பா சேரப்போகும் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஏஜென்ட் முதல் கேள்விக்கான பதிலை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் சேர்த்து உறுதி கொடுத்துவிட்டார்.

லெட்டரின் இரண்டாம் பக்கத்தில் படிப்பின் பெயர் இருக்கிறது பாருங்கள்: குளோபல் பிசினஸ் மேனேஜ்மென்ட், போஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட், இரண்டு செமஸ்டர். 'போஸ்ட் கிராஜுவேட்' என்று பார்த்ததும் நம் ஊர் ஆட்கள் பி.ஜி. என்றே எடுத்துக்கொள்கிறோம். எம்.காம்., எம்.பி.ஏ. மாதிரி ஒரு பட்டம் என்று நினைக்கிறோம். கனடாவில் அது பட்டமே இல்லை. டிகிரி முடித்தவர்கள் கல்லூரியில் படிக்கும் ஒரு சான்றிதழ்ப் படிப்பு. வார்த்தை ஒன்றுதான், ஆனால் இந்த இடத்தில்தான் எத்தனையோ குடும்பங்களின் கணக்கு தப்பிப்போகிறது.

2024 நவம்பர் 1 முதல் விதி மாறிவிட்டது. அன்றைக்கோ அதற்குப் பிறகோ ஸ்டடி பர்மிட்டுக்கு, அதாவது அங்கே படிப்பதற்கான அனுமதிக்கு விண்ணப்பிக்கும் மாணவர், பட்டம் அல்லாத படிப்பில் சேர்ந்தால், அந்தப் படிப்பின் துறை கனடா அரசு வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். விவசாயம், மருத்துவம்-சமூக சேவை, அறிவியல்-தொழில்நுட்பம், கைத்தொழில்கள், போக்குவரத்து என்று ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளை வைத்து அந்தப் பட்டியலைப் போட்டார்கள். 2025-இல் கல்வித் துறையையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு படிப்புக்கும் சிஐபி என்று ஆறு இலக்கக் குறியீடு உண்டு. பட்டியலில் பார்க்க வேண்டியது அந்தக் குறியீட்டைத்தான், படிப்பின் பெயரை நம்பக் கூடாது. வணிக மேலாண்மைப் படிப்புகள் 52 என்று தொடங்கும் வரிசையில் வரும். பாப்பாவின் படிப்பும் அங்கேதான் வருகிறது. பட்டியலில் தேடிப் பார்த்தேன், இல்லை.

இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கு இந்தத் துறைப் பட்டியல் பொருந்தாது. எந்தப் பாடமானாலும் பரவாயில்லை.

சரி, விதி மாறாமல் இருந்து ஒர்க் பர்மிட் கிடைத்தாலும் இந்தப் படிப்பு நமக்குக் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். எட்டு மாதமோ அதற்கு மேலோ, ஆனால் இரண்டு வருடத்துக்குக் குறைவான படிப்பு என்றால், படித்த காலம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பர்மிட். இரண்டு வருடமோ அதற்கு மேலோ படித்தால் மூன்று வருடம். ஆனால் மாஸ்டர்ஸ் பட்டத்துக்கு 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு சலுகை இருக்கிறது. படிப்பு இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும், எட்டு மாதமாவது இருந்தால் மூன்று வருட பர்மிட் கிடைக்கும். இது ஏன் முக்கியம் என்றால், அங்கே வேலை பார்த்த அனுபவத்தை வைத்து நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) கேட்பவர்கள், திறன் சார்ந்த வேலையில் ஒரு வருடம், அதாவது 1,560 மணி நேரம் காட்ட வேண்டும். மொத்த பர்மிட்டே ஒரு வருடமோ அதற்கும் குறைவோதான் என்றால், வேலை தேடுவதிலேயே மூன்று நான்கு மாதம் போய்விடும். மீதியில் அந்த மணிக்கணக்கு எப்படி நிறையும்?

இன்னொன்று. இந்த பர்மிட் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். "முதல்ல ஒரு வருஷ கோர்ஸ் போகட்டும், பர்மிட் வாங்கட்டும், அப்புறம் மாஸ்டர்ஸ் பண்ணட்டும்" என்று உங்கள் மச்சான் சொன்னதாகச் சொன்னீர்கள். அப்படிச் செய்தால் மாஸ்டர்ஸ் முடித்த பிறகு கேட்க பர்மிட் மிச்சம் இருக்காது.

பாப்பா பி.காம். மூன்று வருடம். நேரடியாக மாஸ்டர்ஸ் கேட்டால் கனடாவின் பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருட இளநிலைப் பட்டத்துக்கு இணையான படிப்பைக் கேட்கும். அதனால் என் யோசனை இது: இங்கேயே எம்.காம். முடிக்கட்டும், கையோடு ஏதாவது ஆடிட்டர் ஆபீசில் வேலை கற்றுக்கொள்ளட்டும், அதன் பிறகு ஒரு நல்ல அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸுக்கு முயலட்டும். 2026 ஜனவரியிலிருந்து அரசுப் பல்கலைக்கழக மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு, ஸ்டடி பர்மிட்டுக்குக் கேட்கும் மாகாண ஒப்புதல் கடிதமும் தேவையில்லை. இரண்டு வருடம் தள்ளிப்போகிறதே என்று உங்களுக்கு இருக்கும், புரிகிறது. ஏஜென்ட் அடுத்ததாக, "அப்போ குழந்தைக் கல்வி கோர்ஸ் போடலாம், அது லிஸ்ட்ல இருக்கு" என்று சொல்லக்கூடும். பாப்பாவுக்குக் குழந்தைகளோடு வேலை செய்ய உண்மையிலேயே ஆசை இருந்தால் தாராளமாகப் போகட்டும். பர்மிட்டுக்காக மட்டும் அதில் தள்ளாதீர்கள். பி.காம். படித்தவள் ஏன் இதற்கு வருகிறாள் என்று விசா அதிகாரி கேட்பார், அவளிடம் பதில் இருக்காது.

செலவுக் கணக்கிலும் ஒரு திருத்தம். பார்ட் டைம் வேலையில் ஃபீஸ் எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். செமஸ்டர் நடக்கும்போது கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கோவிட் காலத்துக்குப் பின் கொஞ்ச நாள் அந்த வரம்பை எடுத்திருந்தார்கள், 2024 ஏப்ரலோடு அது முடிந்துவிட்டது. 24 மணி நேரச் சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் பஸ் பாஸும் போனால் பெரிதாக மிஞ்சாது. மிச்சத்துக்கு அந்த வரம்பைத் தாண்டிக் கையில் காசு கொடுக்கும் கடையில் வேலைக்குப் போனால், விதியை மீறிய மாணவி ஆகிவிடுவாள். பின்னால் எல்லா விண்ணப்பத்திலும் அது வந்து நிற்கும். முதல் வருட வாழ்க்கைச் செலவுக்கு என்று, 2025 செப்டம்பர் நிலவரப்படி, ஒருவருக்கு 22,895 கனடிய டாலர் காட்டச் சொன்னார்கள். ஃபீஸும் டிக்கெட்டும் அதற்கு மேல். இந்த மூன்றும் கடன் இல்லாமலோ தாங்கக்கூடிய கடனிலோ வருமா என்று பாருங்கள்.

என் மனதை விட்டுப் போகாத ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர்களை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் இந்த வேலைக்கு நான் வந்த புதிதில் அனுப்பிவைத்தவன். சரியான படிப்பு, தகுதியுள்ள கல்லூரி, எல்லாம் பார்த்துத்தான் அனுப்பினேன். மூன்றாவது செமஸ்டரில் ஒரு பாடத்தில் ஃபெயில். பளுவைக் குறைத்துக்கொள் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள், அவனும் இரண்டு பாடத்தை விட்டுவிட்டான். அந்த செமஸ்டரில் அவன் ஃபுல் டைம் மாணவன் இல்லை என்று பதிவாகிவிட்டது. கடைசி செமஸ்டரில் அப்படி இருக்கலாம், நடுவில் கூடாது. பர்மிட் மறுக்கப்பட்ட அன்று இரவு இரண்டரை மணிக்கு எனக்கு போன் வந்தது. "மேடம், இத நீங்க சொல்லவே இல்லையே" என்றான். சொல்லியிருக்கவில்லைதான். அன்றிலிருந்து யார் எந்த நாட்டுக்குப் போனாலும், ஒரு பாடத்தை விடும் முன் எனக்கு ஒரு மெசேஜ் போடு என்று எழுதியே கொடுத்து அனுப்புகிறேன்.

எந்தக் காலத்தில் போனாலும் பாப்பா தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில விஷயங்கள். கல்லூரி மாற வேண்டுமென்றால் இப்போது புதிய ஸ்டடி பர்மிட் வாங்கித்தான் மாற முடியும். படிப்பு முடிந்ததாகக் கல்லூரி எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து 180 நாளுக்குள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 180 நாள் இருக்கிறதே என்று உட்காரக் கூடாது, ஏனென்றால் படிப்பு முடிந்த 90 நாளில் ஸ்டடி பர்மிட் தானாகவே செல்லாததாகிவிடும். ஸ்டடி பர்மிட் செல்லுபடியாக இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை முழு நேர வேலை பார்க்கலாம். விண்ணப்பத்தோடு மொழித் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும். இதில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். கல்லூரியில் சேரும்போது எழுதிய ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் இதற்குச் செல்லாது. ஐஇஎல்டிஎஸ் ஜெனரல், செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளில் ஒன்று எழுத வேண்டும். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் நான்கு பிரிவிலும் 6 வேண்டும். மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். பாஸ்போர்ட் எந்தத் தேதியில் முடிகிறதோ அதைத் தாண்டி பர்மிட் தரமாட்டார்கள், அதனால் விண்ணப்பிக்கும் முன் புதுப்பித்துவிட வேண்டும்.

ஏஜென்டைப் பற்றிக் கேட்டீர்கள். நல்லவரா கெட்டவரா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கனடா குடியேற்ற விஷயத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, உரிமம் பெற்ற ஆலோசகருக்கோ வழக்கறிஞர் போன்ற சட்டத் தொழிலில் உள்ளவருக்கோதான் அதிகாரம். ஆலோசகர்களின் பெயர்ப்பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள். "இந்தப் படிப்பின் சிஐபி குறியீடு என்ன, அது தகுதிப் பட்டியலில் எங்கே இருக்கிறது, எழுதிக் கொடுங்கள்" என்று அவரிடமே கேளுங்கள். கல்லூரிக்கும் பாப்பா ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும், பதில் எழுத்தில் வரும். நாளைக்கு வேறு படிப்பு அமைந்து அது பட்டியலில் இருந்தால், ஸ்டடி பர்மிட் போடும் நாளில் அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலும், விண்ணப்பித்த அன்று இருந்தது என்று காட்ட உதவும்.

பாப்பா அழுதாள் என்றீர்கள். அவளோடு படித்த பிள்ளைகள் போய்விட்டார்கள், விமான நிலையத்துப் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன, இவள் மட்டும் வீட்டில். அந்த வருத்தத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். அவளிடம் நானே பேசுகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் வாருங்கள். மார்க் ஷீட், பாஸ்போர்ட், ஆஃபர் லெட்டர் மூன்றையும் எடுத்து வரட்டும். அதற்கு முன் நீங்கள் பேங்க் மேனேஜரைப் பார்த்து, கடன் தொகை இன்னும் கைக்கு வரவில்லை என்றால் பத்திரத்தைத் திரும்ப வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வைத்துவிடுங்கள்.