அப்பா ஏன் மாத்திரையைப் பாதியாக வெட்டுகிறார்?

(பதில் சொல்பவர், சிங்கப்பூர் அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருந்து கொடுக்கும் முகப்பில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: அக்கா, என் அப்பா 1951ல் ஜொகூரில் பிறந்தவர். செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். 1985ல் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கினார். இனிப்பு நீர் (நீரிழிவு), ரத்தக் கொதிப்பு, கொழுப்பு மூன்றும் உண்டு. இருபது வருஷமாகப் புளோக்குக்குக் கீழே இருக்கும் ஒரே கிளினிக்தான். ஒரு தடவை போனால் 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகிறது. போன வாரம் அறையைக் கூட்டும்போது பார்த்தேன், மாத்திரைகளைப் பழம் நறுக்கும் கத்தியால் பாதியாக வெட்டி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். கேட்டால், "எனக்கு இது போதும், யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன்" என்கிறார்.
– மகள், ஈசூன்

பதில்: தங்கச்சி, முதலில் அப்பாவைத் திட்டாதீர்கள். திட்டினால் டின் வேறு இடத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். அந்த டின்னை அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இனிப்பு நீர் மாத்திரைகளில் சில, வயிற்றில் மெதுவாகக் கரையும்படி செய்தவை. வெட்டினால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். பாதி மாத்திரையில் வந்த ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, விஷயம் தெரியாத மருத்துவர் இன்னொரு மருந்தைச் சேர்த்துவிடவும் கூடும். அதற்கும் பணம் கட்ட வேண்டும்.

இனி செலவைப் பார்ப்போம். உங்கள் அப்பா மெர்டேக்கா தலைமுறை. 1950 முதல் 1959 வரை பிறந்து, 1996 முடிவதற்குள் குடியுரிமை பெற்றவர்களுக்கு அரசாங்கம் மருத்துவ மானியத்துக்காகக் கொடுத்த அட்டை உண்டு. வீட்டில் எங்கோ இருக்கிறது, தேடுங்கள். என் முகப்புக்கு ஒரு பாட்டி வருவார். மூன்று மாத மருந்து எழுதியிருந்தாலும் "ஒரு மாசத்துக்கு மட்டும் குடு தாயி" என்று கைக்குட்டை முடிச்சை அவிழ்ப்பார். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. எங்களிடம் வருவதற்கு முன் பல வருஷம் தனியார் கிளினிக்கில் முழுப் பணம் கட்டியிருக்கிறார். மெர்டேக்காவுக்கு மூத்தவர்களுக்குக் கொடுத்த முன்னோடித் தலைமுறை அட்டையோ சாமி மேடையில், குங்குமச் சிமிழுக்கு அடியில். மரியாதைக்குக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். மறுமுறை கொண்டுவந்தபோது அட்டையின் ஓரமெல்லாம் சிவப்பாக இருந்தது. இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

தனியார் கிளினிக்கில் மானியம் தரும் அரசாங்கத் திட்டம் சாஸ். அதில் சேர்ந்த கிளினிக்கில் இந்த இரண்டு அட்டைகளுக்கும் தனி மானியம் உண்டு. பலதுறை மருந்தகத்திலும் அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவப் பிரிவிலும், வழக்கமான மானியம் போக மிஞ்சும் கட்டணத்தில் மெர்டேக்கா தலைமுறைக்கு 25 விழுக்காடு குறைப்பார்கள். முன்னோடித் தலைமுறைக்கு 50 விழுக்காடு. மருந்துக்கும் சேர்த்துத்தான்.

அப்பா இருபது வருஷ மருத்துவரை விட மாட்டார், அதில் தப்பில்லை. அந்த கிளினிக் 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்து தொடர்ந்து பார்த்துக்கொள்ள, 2023 ஜூலையில் வந்த அரசாங்கத் திட்டம் இது. இருந்தால், அப்பாவை அங்கேயே பதிந்துவிட்டு, நாட்பட்ட நோய்க்கான மானிய முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ள மருந்துகள் பலதுறை மருந்தக விலையை ஒட்டிக் கிடைக்கும். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டும்போது கையிலிருந்து போட வேண்டிய 15 விழுக்காடும் கிடையாது. கிளினிக் இந்தத் திட்டத்தில் இல்லையென்றால், என் யோசனை பலதுறை மருந்தகம்தான்.

"யார்கிட்டயும் நிக்க மாட்டேன்" என்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: மெடிசேவ் தொடங்கியது 1984ல். அப்பா கப்பல் பட்டறையில் உழைத்த நாள்களில், அவர் கைக்கு வருமுன்னே சம்பளத்தில் பிடித்த பணம் அது. அவருடைய மூன்று நோய்களுக்கும் அதிலிருந்து எடுக்கலாம். அவர் கணக்கு வற்றிவிட்டால் உங்கள் கணக்கிலிருந்தும் கட்டலாம். அதுவும் போதாவிட்டால், பலதுறை மருந்தகத்திலோ அரசாங்க மருத்துவமனையிலோ மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கட்ட முடியாதவர்களுக்கான அரசாங்க நிதியான மெடிஃபண்டு உதவிக்கு அவர்தான் வழி. 1993 முதல் இருக்கிறது. பணம் கட்டும் இடத்தில் நின்று புலம்பினால் அந்த வழி திறக்காது.

கேள்வி: எனக்கு வயது 73. தனியார் காப்புறுதிச் சந்தா வருஷா வருஷம் ஏறுகிறது. நிறுத்தினால் காப்புறுதியே இல்லாமல் போய்விடுமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: போகாது ஐயா. உங்கள் திட்டத்துக்குள் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை அரசாங்கக் காப்புறுதி இருக்கிறது. 2015 நவம்பர் 1 முதல் குடியுரிமை உள்ளவருக்கும் நிரந்தரவாசிக்கும் ஆயுள் முழுக்க உண்டு. ஆனால் அது அரசாங்க மருத்துவமனையின் மானிய வார்டுகளான பி2, சி வார்டுச் செலவை மனத்தில் வைத்து வகுத்தது. 70 வயதைத் தாண்டியவர் தனியார் பகுதிச் சந்தாவுக்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 900 வெள்ளி வரைதான் எடுக்கலாம். அதற்கு மேல் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் காப்பான 'ரைடர்' முழுக்க ரொக்கம். எனவே முதலில் ரைடரை விடுங்கள். அப்புறம், அதே நிறுவனத்திலேயே கீழ்நிலைத் திட்டத்துக்கு இறங்க முடியுமா என்று கேளுங்கள். ஒரேயடியாக ரத்து செய்தால், இந்த வயதில் உடல்நலம் பார்க்காமல் மறுபடி சேர்க்க மாட்டார்கள். எப்படியும் சி வார்டில்தான் படுப்பேன் என்பவராக இருந்தால் மட்டும், முழுவதையும் விடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: திருச்சியிலிருந்து அம்மாவை நீண்டகால வருகை அட்டையில் அழைத்து வருகிறோம். அவருக்குச் சாஸ் அட்டை கிடைக்குமா?
– மகன், செங்காங்

பதில்: கிடைக்காது தம்பி. அது குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். மெடிஷீல்டு லைஃபும் இல்லை. விமானம் ஏறுமுன்பே தனியார் காப்புறுதி எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோயைச் சேர்ப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் மெடிசேவ் கட்டுபவர் என்றால், அம்மாவின் மருத்துவமனைச் செலவுக்கு அதில் ஒரு பங்கை எடுக்கலாம். பெற்றோர் இந்நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டியதில்லை. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து கொண்டுவரலாம். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை என்றால் முன்னாலேயே அனுமதி கேட்க வேண்டியிருக்கும். மருந்துச் சீட்டு, பெட்டி இரண்டையும் எறியாமல் எடுத்துவரச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். அங்குள்ள வணிகப் பெயர் இங்கே வேறாக இருக்கும், அதனடியில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பார்த்துத்தான் இங்குள்ள மருந்தாளர் மருந்து எடுத்துக் கொடுப்பார்.