தைராய்டு குறைவு: மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: பரிசோதனைக்கு வெறும் வயிற்றில்தான் போக வேண்டுமா? அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா?

டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை. ஆனால் இந்த அளவு நள்ளிரவுக்குப் பின் உயர்ந்து பிற்பகலில் இறங்கும் இயல்புடையது என்பதால், ஒருமுறை காலை 7 மணிக்கும் மறுமுறை மாலையிலும் ரத்தம் கொடுத்தால் இரண்டு முடிவுகளையும் ஒப்பிட முடியாது. ஒரே ஆய்வகத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், காலையில் கொடுப்பதே நல்லது. மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்; விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் தைராய்டு ஹார்மோன்) அளவு தற்காலிகமாகக் கூடிக் காட்டும். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். சில பரிசோதனை முறைகளில் பயோட்டின் குறுக்கிட்டு, டி.எஸ்.எச். அளவைக் குறைத்தும் ஃப்ரீ டி4 அளவைக் கூட்டியும் காட்டுவதால், மருந்து அதிகமாகிவிட்டதோ என்று மருத்துவரே எண்ணக்கூடும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் டி3, டி4, டி.எஸ்.எச். மூன்றையும் பார்க்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பெரும்பாலோருக்கு அவசியமில்லை. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் சற்றே குறைந்தாலும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.-ஐப் பன்மடங்கு கூட்டிவிடுகிறது. எனவே குறைபாட்டை முதலில் காட்டுவது அந்த அளவுதான். நோயைக் கண்டறியும்போது அதனுடன் ஃப்ரீ டி4 பார்த்தால் போதும். டி3 என்ற மற்றொரு தைராய்டு ஹார்மோன், குறைபாடு முற்றும் வரை இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், இங்கு அதற்கு அதிகப் பயனில்லை. மொத்த டி4 அளவோ கர்ப்பத்தாலும் கருத்தடை மாத்திரையாலும் உயர்ந்து காட்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் டி.பி.ஓ. எதிரணு பரிசோதனையை ஒருமுறை செய்தால் போதும். மாத்திரையின் அளவைத் தீர்மானிக்க அது உதவாது.

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டு, பிறகு தாய்ப்பால் சுரக்காமலும் மாதவிடாய் திரும்பாமலும் சோர்ந்திருக்கும் பெண்ணுக்குப் பிட்யூட்டரியே பழுதுபட்டிருக்கலாம். அவருக்கு டி.எஸ்.எச். இயல்பாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. ஃப்ரீ டி4 கட்டாயம் பார்க்க வேண்டும். இத்தகைய பெண்கள் ஆண்டுக்கணக்கில் வெறும் பலவீனம் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுவது வேதனைக்குரியது.

கேள்வி: தினமும் 100 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன். டி.எஸ்.எச். ஒருமுறை 3, மறுமுறை 11 என்கிறது. அளவைக் கூட்ட வேண்டுமா?

கூட்டுவதற்கு முன், மாத்திரை உடலில் முழுமையாகச் சேர்கிறதா என்று பாருங்கள். லீவோதைராக்ஸின் என்ற இந்தத் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, காபியோ டீயோ குடிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் எழுந்தவுடன் காபி குடிக்கும் வழக்கமே இதற்குப் பெரிய இடையூறு. காலையில் இயலாதவர்கள் இரவு உணவு முடிந்து 3 மணி நேரத்துக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரைப் புட்டியை அடுப்பருகே வைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். நிறுவனத்தை அடிக்கடி மாற்றுவதும் நல்லதல்ல.

இவற்றைச் சீர்செய்தபின் 6 முதல் 8 வாரங்கள் கழித்து மீண்டும் பாருங்கள். இந்த மருந்தில் பாதி உடலிலிருந்து நீங்கவே ஒரு வாரம் ஆகும் என்பதால், 3 வாரத்தில் எடுக்கும் முடிவைக் கொண்டு அளவை மாற்றினால் அளவு ஏறுவதும் இறங்குவதுமாக அலைக்கழிப்பே மிஞ்சும்.

கேள்வி: 74 வயதான என் தாயாருக்கு டி.எஸ்.எச். 6.2, ஃப்ரீ டி4 இயல்பு. மாத்திரை தொடங்கலாமா?

உடனே வேண்டாம். 2, 3 மாதங்கள் கழித்து மீண்டும் பார்த்தால் பலருக்கும் அது தானே இறங்கியிருக்கும். வயது ஏற ஏற இந்த அளவு சற்று உயர்வது இயற்கை. 65 வயதைக் கடந்த 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், இத்தகைய லேசான குறைபாட்டுக்கு மாத்திரை கொடுத்தும் சோர்வு முதலிய அறிகுறிகள் குறையவில்லை. முதுமையில் தேவைக்கு மிஞ்சிய மருந்து, இதயத் துடிப்பைச் சீர்கெடுத்து எலும்பையும் தேய்க்கும். 10-க்கு மேல் நீடித்தால் மருத்துவர் முடிவுசெய்வார். அப்போதும் மிகக் குறைந்த அளவில்தான் தொடங்குவார்.

கேள்வி: முட்டைக்கோஸ், காலிஃபிளவரை விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. வேகவைத்து அளவோடு சாப்பிடலாம். அயோடின் கலந்த உப்பையும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது. குழந்தைக்கு ஆகாது என்று மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். முதல் 12 வாரங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. பெரும்பாலோருக்கு மாத்திரையின் தேவை 25 முதல் 30 விழுக்காடு கூடும். அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பத்தின் முற்பாதி வரை ஏறத்தாழ 4 வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கப்படும், 2.5-க்குக் கீழே வைத்திருப்பதே பொதுவான இலக்கு. பிரசவம் ஆனதும் பழைய அளவுக்குத் திரும்பி, 6 வாரத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போதும் இந்த மாத்திரையைத் தொடரலாம்.