தோல் கேள்வி-பதில்: சத்துக் குறைவு அல்ல, அந்தக் களிம்புதான்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "என்ன சாப்பிட்டால் நிறம் கூடும்?" என்றுதான் கேட்கின்றன. அத்தனைக்கும் சேர்த்து ஒரே பதில்: எதைச் சாப்பிட்டாலும் நிறம் அதிகமாகாது. பிறப்பில் வந்த நிறம் நோய் அல்ல. அதற்கு மருந்தும் கிடையாது. தோல் நலமாக இருக்க வழி கேட்டவர்களுக்கு மட்டும் கீழே எழுதியிருக்கிறேன். வயது என்ன, எத்தனை நாளாக இருக்கிறது, சர்க்கரை உண்டா, இப்போது என்ன தடவுகிறீர்கள் என்ற நான்கையும் இனிக் கடிதத்தில் எழுதுங்கள்.

வயது 19. முகப்பருவுக்காக எண்ணெய்ப் பலகாரத்தை ஆறு மாதமாகத் தொடவில்லை. பரு குறையவே இல்லை. (கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)

பஜ்ஜியை நிறுத்தினீர்கள், பரோட்டாவை நிறுத்தினீர்களா? பருவைத் தூண்டுவதில் எண்ணெயைவிட, ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் மைதா, கேக், குளிர்பானம், மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீ ஆகியவற்றுக்குத்தான் பங்கு அதிகம். சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அங்கே குடிக்கும் வே புரோட்டின் பவுடர் பாலிலிருந்து எடுப்பது. மூன்று மாதம் அதை விட்டுவிட்டு முட்டை, சுண்டல், மீன் சாப்பிட்டுப் பாருங்கள். உணவை மாற்றினால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மீதியை மருந்துதான் பார்க்க வேண்டும். மருந்தும் வேலை காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும். பத்தாம் நாளே மருத்துவரை மாற்றாதீர்கள். பருவைக் கிள்ளாதீர்கள், பரு போய்விடும், பள்ளம் போகாது.

தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தால் முகம் பளபளக்குமா?

பளபளக்காது. தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதும். சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது.

மகளுக்கு 14 வயது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு. பீர்க்கங்கூட்டால் தேய்த்தும் எலுமிச்சை தடவியும் போகவில்லை. அழுக்கை எடுக்க என்ன வழி? (நெல்லிக்குப்பம்)

அது அழுக்கு இல்லை. தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடித்துக் கறுக்கும். எலுமிச்சைச் சாற்றோடு வெயிலில் போனால் கொப்புளமே வரும். கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி மூன்றையும் பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப் போகிறதா என்றும் கேளுங்கள். மாலையில் பிஸ்கட்டுக்கும் பாக்கெட் நொறுக்குக்கும் பதிலாக வேர்க்கடலை, சுண்டல், ஒரு கொய்யா கொடுங்கள். முக்கால் மணி நேரம் ஓடி விளையாடட்டும். எடை குறையும்போது கறுப்பும் மெல்ல மங்கும். பெண்ணிடம் மறுபடி "அழுக்கு" என்று சொல்லாதீர்கள். அவள் பள்ளிக்கூடத்தில் கழுத்தை மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள்.

பலாப்பழம் சாப்பிட்டால் சூட்டுக் கட்டி வருமா? (பண்ருட்டி)

பலா வரும் மாதங்களும் வியர்வை கொட்டும் மாதங்களும் ஒன்றாக வருவதால் பழி பழத்தின்மேல் விழுகிறது. கட்டிக்குக் காரணம் பாக்டீரியா. வியர்வை, உரசும் உடை, நகக்கீறல் இவை அதற்கு வழிவிடுகின்றன. நான்கு சுளை சாப்பிடுங்கள். ஒன்று ஆறி இன்னொன்று என்று கட்டி மாறி மாறி வந்தால் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை இருந்தால் அந்த நான்கு சுளையும் அதிகம்.

மூன்று ஆண்டாக ஒரு களிம்பு போட்டேன். முகம் நல்ல நிறமாக இருந்தது. இப்போது ஒரு நாள் விட்டாலும் எரிகிறது, சிவக்கிறது, பரு கொட்டுகிறது. என்ன சத்துக் குறைவு? என்ன பழம் சாப்பிடலாம்? (குடும்பத் தலைவி, வில்லியனூர்)

அம்மா, இதில் சத்துக்கு வேலையே இல்லை. உங்கள் முகத்தைக் கெடுத்தது அந்தக் களிம்புதான்.

டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். எல்லாம் ஸ்டீராய்டு, அதாவது தோலின் அழற்சியை அடக்கும் மருந்து. முதல் இரண்டு மாதம் கரும்புள்ளி மங்கும், முகம் வழவழக்கும், எதிர்வீட்டுக்காரி "என்ன போடுகிறாய்?" என்று கேட்டு அவளும் ஒன்று வாங்குவாள். அதற்குள் அடியில் தோல் மெலியத் தொடங்கிவிடும்.

சென்ற ஆண்டு மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தார். துப்பட்டாவை விலக்கினார். இரண்டு கன்னத்திலும் சிவப்பு நூலைப் பிரித்துப் போட்டதுபோல ரத்தக் குழாய்கள் தெரிந்தன. தாடையோரம் பூனைமுடி கறுத்து வளர்ந்திருந்தது. அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை, ஈரத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டுதான் தோசை சுடுகிறேன் என்றார். கைப்பையிலிருந்து டியூபை எடுத்துக் கொடுத்தார். கடைசித் துளிவரை பிதுக்கி, வாலைச் சுருட்டி வைத்திருந்தார். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் எழுதவில்லை. மருந்துக் கடையில் கேட்டேன், கொடுத்தார்கள்" என்றார். அவருக்கு வயது 26.

மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்தக் களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியைத் திருத்தி இறுக்கியது. அப்படியும் இவை சோப்பு, சீப்புபோலக் கைமாறுகின்றன. கேட்டவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எடுத்து நீட்டுகிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தாயே மகளுக்கு வாங்கித் தடவிவிடுகிறார். வாரம் தவறாமல் இப்படி ஒரு முகம் என் முன்னால் வந்து உட்காருகிறது. எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் நானே எழுதுகிறேன். எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். முகத்தில் நிறத்துக்காகத் தடவும் பொருள் அது அல்ல.

இனி செய்ய வேண்டியது. நீங்களாக ஒரே நாளில் தூக்கி எறிந்தால் எரிச்சல் பொங்கும்; அதற்குப் பயந்துதான் எல்லோரும் மறுபடியும் அதையே தடவுகிறார்கள். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தோல் பிரிவு உங்களுக்குப் பக்கம்தான். படிப்படியாகக் குறைப்பதா, உடனே நிறுத்தி மாற்று மருந்து தருவதா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அதுவரை ஃபேஷியல், ஆவி, எலுமிச்சை, மஞ்சள், கற்றாழை எதுவும் வேண்டாம். மணம் இல்லாத ஈரப்பசைக் களிம்பு, வெயிலில் குடை, இரண்டும் போதும். பழம் சாப்பிடுங்கள், ஆனால் பழம் இதைச் சரிசெய்யும் என்று காத்திருக்காதீர்கள்.

படர்தாமரை. ஐந்து வகைக் களிம்பு போட்டாயிற்று. போய்ப் போய் வருகிறது. (கடலூர் முதுநகர்)

ஐந்தின் பெயரையும் எழுதவில்லை. நானே சொல்கிறேன்: குறைந்தது மூன்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு நின்றுவிடும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். மறுபடியும் சொல்கிறேன், சீட்டு இல்லாமல் களிம்பு வாங்காதீர்கள். வீட்டில் யாருக்கு இருந்தாலும் எல்லோரும் ஒன்றாக மருத்துவம் பாருங்கள். துண்டு தனித்தனி. உள்ளாடையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். படை மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை விடாதீர்கள்.

கொலாஜன் பவுடர் வாங்கலாமா? விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல்.

வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு மாதம் முட்டை, பருப்பு, கீரை, கொய்யா, நெல்லிக்காய் வாங்கலாம். கொலாஜன் என்பது தோலை உறுதியாக வைக்கும் புரதம். உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். அதற்குத் தேவை புரதமும் வைட்டமின் சியும்தான். சிகரெட் பிடிப்பவராக இருந்தால் முதலில் அதை விடுங்கள். வெயிலுக்கு அடுத்தபடியாக முகத்தைச் சுருங்கவைப்பது அதுதான்.

மீன் சாப்பிட்டால் சில நாள் மட்டும் உடம்பெல்லாம் காணாக்கடி. அலர்ஜி என்று மீனையே விடச் சொல்கிறார்கள். (தேவனாம்பட்டினம்)

எந்த மீன், வீட்டில் வேறு யாருக்கு வந்தது என்ற இரண்டையும் எழுத மறந்துவிட்டீர்கள். இதில் அவைதான் முக்கியம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி போலத் தடிப்பை உண்டாக்கும் பொருள் சேர்ந்துவிடும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வரும். கூடச் சாப்பிட்டவர்களுக்கும் வரலாம். அப்படியானால் மீன் உங்களுக்கு ஆகாது என்று பொருள் இல்லை, அன்றைய மீன் சரியில்லை. காலையில் கரையிறங்கியதை வாங்கி, வீடு வரும்வரை ஐஸில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மத்தி தோலுக்கு நல்ல கொழுப்பு தரும் மீன். வீணாக விட வேண்டாம். ஆனால் உங்களுக்கு மட்டும், ஒவ்வொரு முறையும், புது மீனிலும் வந்தால் அது அலர்ஜி. உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

முந்திரிக்கொட்டை உடைக்கிறேன். விரல் கறுத்து உரிகிறது. எந்த உணவு நல்லது? (பண்ருட்டி அருகே)

உணவால் ஆகாது. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்குகிறது. ரப்பர் கையுறை கேட்டு வாங்குங்கள். கிடைக்கும்வரை விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உடையுங்கள். மண்ணெண்ணெயில் கை கழுவாதீர்கள்.

சன் ஸ்கிரீன் எவ்வளவு போட வேண்டும்?

எஸ்.பி.எஃப். 30 போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் போடுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி.

அப்பாவுக்கு 52 வயது. முழங்கைக்கு மேல் வெளிறிய படை, ஒரு வருடமாக. அரிப்பு இல்லை, வலி இல்லை. கிள்ளினால்கூடத் தெரியவில்லை என்கிறார். மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால் என்று நினைக்கிறோம். பத்தியம் சொல்லுங்கள். (பரங்கிப்பேட்டை)

மீனும் தயிரும் இதற்குக் காரணம் இல்லை. வெளிறிய படையில் உணர்ச்சி இல்லை என்றால் முதலில் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், ஆனால் இன்னும் ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கூட்டு மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் சாப்பிட வேண்டும். முழுவதும் குணமாகும். மருந்து தொடங்கியபின் மற்றவர்களுக்குப் பரவுவதும் நின்றுவிடும். தாமதித்தால்தான் நரம்பு கெட்டு விரல் மடங்கும். நாளைக் காலை அழைத்துப் போங்கள். "படையில் உணர்ச்சி இல்லை" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். அன்றே வீட்டில் உள்ள எல்லோரையும் பரிசோதித்துவிடச் சொல்லுங்கள்.