பாதியில் நின்ற கார்ட்டூன்

அன்புள்ள டொக்டர்,

எனக்கு ஒரே மகன். ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. ஒரு மாதமாக ஒழுங்காகத் தூங்குகிறான் இல்லை. காரணம் என் கணவரின் தம்பிதான். விடுமுறைக்கு வந்து நின்றவர், லப்டொப்பில் ஏதோ பழைய பேட்மேன் கார்ட்டூனைப் போட்டுக் காட்டியிருக்கிறார். நான் வெள்ளவத்தைச் சந்தையால் வந்து பார்க்கிறேன், பேட்கேர்ள் என்ற பெண் உயரத்திலிருந்து பொலிஸ் கார் மேல் விழுந்து சாகிறாள். அந்தப் பொலிஸ்காரர் அவளுடைய சொந்த அப்பாவாம்! மீன் பையைக்கூடக் கீழே வைக்காமல் லப்டொப்பை மூடினேன்.

இது பிள்ளைகள் பார்க்கிற சாமானா? கேட்டால், "கார்ட்டூன்தானே அண்ணி" என்று சிரிக்கிறார். என் கணவரும் சேர்ந்து சிரிக்கிறார். நான் சொல்வதை இந்த வீட்டில் யார் கேட்டார்கள்?

மகன் அப்பம்மாவோடுதான் படுப்பான். இப்போது நடுச்சாமத்தில் எழும்பி, அவவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறான். இரண்டு முறை நானே கண்டேன். ஒரு கார்ட்டூன் பிள்ளையை இப்படியா ஆக்கும்?

மாமியும் முன்னைப்போல் இல்லை. எதற்கும் குறை. அறக்குளா மீன் வாங்கினால், "ஏன் பிள்ளை இவ்வளவு காசுக்கு, சூடை போதுமே" என்கிறா. தேத்தண்ணிக்குப் பால்மாவும் வேண்டாமாம்.

கணவருக்குத் தைப்பொங்கல் முடிந்த கையோடு வேலை போய்விட்டது. நாலு மாதமாக ஓட்டோவில் ஹயர் ஓடுகிறார். மாமிக்குத் தெரியாது, காலையில் ஒபிஸ் பையோடுதான் வெளிக்கிடுவார். மகன் ஒருநாள் பம்பலப்பிட்டியில் கண்டுவிட்டான். "அப்பம்மாவுக்குச் சொல்லிப் போடாதே, தெரிந்தால் அவவின் நெஞ்சு தாங்காது, செத்துப்போவா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது வேறு விஷயம். நான் கேட்பது கொழுந்தனாரைப் பற்றி. இனி அவரை வீட்டுக்கு எடுக்காமல் விட்டால் பிழையா? மகனுக்குக் கார்ட்டூனையே நிறுத்திவிடட்டுமா?

தூக்கம் கெட்ட ஓர் அம்மா,
கொழும்பு 06

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் மூடிய அந்தக் கார்ட்டூனை நான் பார்த்திருக்கிறேன். 1998இல் வந்தது, 'ஓவர் த எட்ஜ்' என்று பெயர். அமெரிக்காவில் சிறுவர் நிகழ்ச்சி நேரத்தில்தான் போட்டார்கள். அதற்காக அது சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். இருட்டான கதை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கடைசிவரை பார்க்கவேண்டியது. உங்கள் கொழுந்தனார் பக்கத்தில் இருந்திருக்கிறார். கடைசிவரை பார்க்க விடாதது நீங்கள்.

மீதிக் கதை இதுதான். அந்தப் பெண் சாகவே இல்லை. வில்லனின் மருந்து உடம்பில் ஏறியதால் அவள் கண்ட கெட்ட கனவு அது. தான் முகமூடி போட்டுத் திரிவது பொலிஸ் கொமிஷனரான அப்பாவுக்குத் தெரியாது, தெரிந்தால் எல்லாம் நாசமாகிவிடும் என்ற பயம்தான் அப்படிக் கனவாக வருகிறது. விழித்தவள் உண்மையைச் சொல்லிவிட அப்பாவிடம் போகிறாள். அவரோ, நீ எனக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை என்று தடுத்துவிடுகிறார். மனுஷருக்கு முதலே தெரியும்போல. உங்கள் மகன் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. இரகசியம் ஒன்று, அதனால் ஒரு சாவு, அதோடு லப்டொப் மூடிவிட்டது.

இனி "வேறு விஷயம்" என்று நீங்கள் தள்ளி வைத்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது எனக்கு அந்த விரல்தான் உறைத்தது. ஒருத்தி உயரத்திலிருந்து விழுந்ததைப் பார்த்துப் பயந்த பிள்ளை, பல்கனிப் பக்கம் போகப் பயப்படலாம், பொலிஸ் காரைக் கண்டால் ஒளியலாம். இவன் ஏன் அப்பம்மாவின் மூச்சைப் பார்க்கிறான்? அவ செத்துப்போவா என்று சொன்னது பேட்மேனா?

கோபிக்காதீர்கள். பதற்றத்தில் வாயில் வந்ததைத்தான் சொல்லியிருப்பீர்கள், நாங்கள் எல்லோரும் சொல்கிற வசனம்தான் அது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்று தெரியும், அது தன் வாயால் நடக்குமா நடக்காதா என்பதுதான் தெரியாது. ஒரு கிழவியின் உயிரை அவன் நாக்கில் வைத்துவிட்டு, அவவுக்குப் பக்கத்திலேயே படுக்கவும் விட்டிருக்கிறீர்கள். தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று அவன் பயந்து கிடந்தால்கூட நான் ஆச்சரியப்படமாட்டேன். கார்ட்டூன் இந்தப் பயத்தைக் கொண்டுவரவில்லை. உள்ளே கிடந்ததற்குப் படம் கொடுத்தது, அவ்வளவுதான்.

மாமியின் "குறை"யையும் இன்னொருக்கால் யோசியுங்கள். நாலு மாதமாக அறக்குளா வேண்டாம், பால்மா வேண்டாம் என்கிற மனுஷி குறை சொல்கிறாவா, செலவைக் குறைக்கிறாவா? எனக்கென்றால் அவவுக்குத் தெரியும் என்றே படுகிறது. 2022இன் பெற்றோல், காஸ் கியூக்களைக் கண்ட ஊரில், ஒபிஸ் பை ஒன்றை வைத்து ஒரு தாயை எத்தனை நாளைக்கு ஏமாற்றலாம்? நான் பிழையாகவும் இருக்கலாம். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், உங்கள் கணவர்தான் சொல்லவேண்டும். நெஞ்சு வருத்தம் இருந்தால், மருந்து எடுத்து, சாப்பிட்டு, ஆறுதலாக இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லட்டும். ஓட்டோ ஓடி வீட்டுக்கு அரிசி போடுகிறவர் தாயிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? அந்த வெட்கம் அவருடையதா உங்களுடையதா என்பதையும் இருவரும் கதையுங்கள்.

அப்புறம், அப்பம்மாவுக்குச் சொல்லியாயிற்று, அவ நன்றாக இருக்கிறா, நீ இனி எதையும் ஒளிக்கத் தேவையில்லை என்று மகனிடம் நீங்களே சொல்லுங்கள். "அன்றைக்கு அம்மா சொன்னது பிழை" என்பதையும் சேர்த்து. கார்ட்டூனை நிறுத்த வேண்டாம்.

கொழுந்தனாருக்கு ஒரு கோல் எடுங்கள். லப்டொப்பையும் கொண்டு வரட்டும், நீங்கள் மூடிய இடத்திலிருந்து மிச்சத்தைப் போடட்டும். அப்பம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.