எந்த மாசத்து நண்டு?

அன்புள்ள அண்ணனுக்கு,

சொன்ன வேலையைத் தானாகவே செய்யும் ஏஐ ஏஜென்ட்டுகள் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி இறக்கிக்கொள்ள உதவும் சில நிரல்களை எழுதியிருக்கிறேன். இலவசமாகத்தான் தரப்போகிறேன். இப்போது அதற்கு விளக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுவதா, தமிழிலா? தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள்? பதிப்பகங்களின் அனுமதியின்றிக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தையும் சேர்க்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். முதல் வரி மட்டும் தயார்: ‘எந்த ஆய்வுக் கட்டுரையும் நொடியில் உங்கள் கையில்!’ எப்படி இருக்கிறது?

தண்டையார்பேட்டை வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த வரியை அழியுங்கள். ஆட்டோவின் பின்னால் எழுதினால் நன்றாயிருக்கும். குறிப்பில் எழுதினால் பொய்.

சை-ஹப் வேண்டாம். அதன்மேல் பதிப்பகங்கள் 2020 டிசம்பரிலேயே தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. அந்த வம்பை உங்கள் தலையில் ஏன் ஏற்றிக்கொள்கிறீர்கள்? நண்பர்களுக்கென்ன, சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

தொண்ணூறுகளில் எண்ணூர் கழிமுகத்தில் படியும் அனல் மின்நிலையச் சாம்பலைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் எழுதினேன். நண்டில் உலோகம் சேர்கிறது என்று ஒரு ஆய்வை மேற்கோள் காட்டியிருந்தேன். நான் படித்தது அந்த ஆய்வின் சுருக்கத்தை மட்டும்தான், பத்து வரி. பெருமையாகக் காட்டுக்குப்பத்தில் ஒரு மீனவரிடம் வாசித்துக் காட்டினேன். வலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: “எந்த மாசத்து நண்டு சார் அது? மழைக்கு முன்னயா, பின்னயா?” எனக்கு வாயடைத்துவிட்டது. பத்து வரியில் மாசம் இல்லை.

முழுக் கட்டுரையைத் தேடி ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உதவியாளர் ‘இல்லை’ என்று வாயால் சொல்லவே மாட்டார். சின்னச் சீட்டில் காரணம் எழுதித் தருவார். ‘பைண்டிங்கில்.’ ‘சந்தா நின்றது.’ ‘அலமாரியில் இல்லை, தேட வேண்டும்.’ ‘எப்போதும் வாங்கியதில்லை.’ ஒவ்வொரு சீட்டுக்கும் நாம் செய்ய வேண்டிய வேலை வேறு. பைண்டிங் என்றால் இரண்டு வாரம் கழித்து வரலாம். எனக்குக் கிடைத்தது ‘சந்தா நின்றது’. அவரே சொன்னார், ஆய்வாளருக்குக் கார்டு போடுங்கள், கையில் பிரதி இருந்தால் அனுப்புவார் என்று. அப்போது அது வழக்கம்தான்.

உங்கள் குறிப்பில் நான் தேடுவது அந்தச் சீட்டைத்தான். நிரல் என்ன செய்யும் என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கிடைக்காதபோது என்ன சொல்லும் என்று எழுதினீர்களா? யார் படிப்பார்கள் என்கிறீர்கள். முதலில் படிக்கப்போவது அந்த இயந்திரமே, தம்பி! ஏஐ மாடல்களை வெளி நிரல்களோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி போன்ற ஏற்பாடுகளில், ஒவ்வொரு நிரலுக்கும் நீங்கள் எழுதும் விவரணையைப் பார்த்துத்தான் மாடல் எதைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறது. ‘எந்தக் கட்டுரையும்’ என்று எழுதினால் அது நம்பிவிடும். பணம் கேட்கும் பதிப்பகத் தளம் கட்டுரைக்குப் பதில் லாகின் பக்கத்தை அனுப்பும். உங்கள் நிரல் அதையே பிடிஎஃப் என்று பெயர் வைத்துச் சேமிக்கும். ஏஜென்ட் கையிலிருக்கும் சுருக்கத்தை வைத்துக்கொண்டு, முழுதும் படித்ததுபோல அளக்கும். முப்பது வருஷம் முன்பு நான் அளந்த மாதிரியே. உண்மையான பிடிஎஃப் கோப்பு ஒரு சதவீதக் குறியோடும் அந்த மூன்று எழுத்துகளோடும் தொடங்கும். அதைக்கூடப் பார்க்காமல் ‘வெற்றி’ என்று திருப்பி அனுப்பும் நிரலை என்ன சொல்வது!

தளம் பதிலோடு அனுப்பும் எண்ணும் ஒரு சீட்டுதான்: 404 வந்தால் முகவரியில் ஆள் இல்லை. 403 என்றால் ஆள் இருக்கிறார், உங்களை உள்ளே விடமாட்டார். 429 என்றால் அவசரப்படாதே, கொஞ்சம் பொறுத்து வா என்று பொருள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் வண்டியை அணைத்துவிட்டு நிற்கிறோம், சுவர் எழுப்பி அடைத்த தெருவில் யாராவது நிற்பார்களா? 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் (arXiv) தளம் கட்டுரைகளை இலவசமாகத் தருகிறது. தானாக இயங்கும் நிரல்களிடம் அது கேட்பதெல்லாம், ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் 3 விநாடி இடைவெளி. அதையும் விவரணையிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்கள் ஏஜென்ட் கேட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும்.

திட்டுவதாக நினைக்காதீர்கள். வேலை முடிந்து வந்து ராத்திரியில் ஊருக்காக இதை எழுதுகிறீர்கள், அது எனக்குத் தெரிகிறது. தண்டையார்பேட்டையில் இப்படி ஒரு பையன் இருப்பது எனக்குச் சந்தோஷம். அதனால்தான் இவ்வளவு.

கார்டு போட்டு இரண்டு மாதம் கழித்து அந்தப் பிரதி தபாலில் வந்தது. இரண்டாவது அட்டவணையின் அடியில், பொடி எழுத்தில்: மே மாதம். காட்டுக்குப்பத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். “மே மாசமா? அப்போ மணல் ஏறி முகத்துவாரம் அடைஞ்சி கெடக்கும் சார். தண்ணி எங்க போவும்?” என்றார்.

கிடைக்காதபோது என்ன சொல்வது என்ற பக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். தமிழில் அனுப்பினால் எனக்குச் சுலபம்.