லாபமும் ஒன்றுதான்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வாசித்து வருகிறேன். உயர்தரம் எழுதிவிட்டுப் பசறையிலிருந்து கொழும்புக்கு வந்து எட்டு மாதமாகிறது. கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் மூன்று பேரோடு தங்கியிருக்கிறேன். புறக்கோட்டையில், பிரதான வீதியிலுள்ள ஒரு புடைவைக் கடையில் வேலை. காலை ஒன்பது மணிக்குப் போனால் இரவு ஏழரைக்குத்தான் வெளியே வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிவாரிப் பட்டப்படிப்புக்கான வகுப்பு.

முதல் வேலை கற்றுத்தந்த பாடங்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். நேரந்தவறாமை, பொறுமை, பணிவு என்று பட்டியல் போடுகிறார்கள். நான் எட்டு மாதமாகச் சேலை மடிக்கப் பழகியிருக்கிறேன். வேறு எதுவும் கற்றதாகத் தெரியவில்லை. சம்பளம் 35,000 ரூபா, கையில் ரொக்கமாகத் தருகிறார்கள். நியமனக் கடிதம் கேட்டேன். "இன்னும் பழகுகிற காலம்தானே பிள்ளை, ஒரு வருடம் போகட்டும்" என்று முதலாளி சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். முதல் வேலையில் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அம்மாவும் சொல்கிறார்.

உங்கள் முதல் வேலை உங்களுக்கு என்ன கற்றுத்தந்தது? நான் இந்த வேலையை விடுவதா, இருப்பதா?

(பெயர் வேண்டாம்)

---

அன்புள்ள பிள்ளைக்கு,

கேள்வியை இரண்டாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1992இல், 19 வயதில், அட்டனிலிருந்து நானும் உங்களைப் போலத்தான் புறக்கோட்டையில் வந்து இறங்கினேன். நான்காம் குறுக்குத் தெருவில் மாமாவுக்குத் தெரிந்த ஒருவரின் மொத்த வியாபாரக் கடை. பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய், பருப்பு. அந்தத் தெருவை நீங்கள் தினமும் கடந்துதான் போவீர்கள். காலையில் லொறிகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்க, இடையில் கிடைத்த சந்தில் தள்ளுவண்டிகள் புகுந்து ஓடும். அன்றும் அப்படித்தான். உயர்தரத்தில் கணிதம் படித்தவன் என்பதால் என்னை எழுத்து வேலைக்கு வைத்தார்கள். வெளியூர் வியாபாரிக்கு ஏற்றும் மூட்டைகளை எண்ணித் துண்டு போடுவது என் பொறுப்பு. கணிதம் படித்தவனுக்கு எண்ணவா தெரியாது என்று நானும் நினைத்தேன், கடையும் நினைத்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் பதுளைப் பக்கத்துக்கு ஒரு லொறி ஏறியது. மூட்டை சுமப்பவர்களைப் புறக்கோட்டையில் நாட்டாமை என்போம். சிங்களத்திலும் நாட்டாமிதான். (தமிழ்நாட்டில் நாட்டாமை என்றால் மரத்தடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர். கடல் தாண்டி வந்த சொல் இங்கே முதுகில் ஐம்பது கிலோவை ஏற்றிக்கொண்டது எப்படி என்று யாராவது ஆராய்ந்தால் நல்லது.) மூத்த நாட்டாமை ஒருவர் லொறியின் வாயில் நின்று ராகம் போட்டு எண்ணுவார். இருபது மூட்டைக்கு ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நான் ஓர் ஓரமாக நின்று எண் காதில் விழ விழக் கோடு போடுவேன். நான்கு கோடு, குறுக்கே ஒன்று.

ஏற்றி முடித்ததும் அவர் 160 என்றார். என் தாளில் 152 இருந்தது.

எட்டு மூட்டை வெங்காயம். என்னிடம் தாள் இருந்தது, அவரிடம் வாய்தான் இருந்தது. எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்கிறார் என்று முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் அவர்களுக்குக் கூலி, ஆகவே கூட்டிச் சொல்ல அவர்களுக்குக் காரணம் இருக்கிறது என்று தர்க்கமும் பேசினேன். முதலாளி இறக்கி எண்ணச் சொன்னார். ஆறு பேர் அந்த வெயிலில் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கினார்கள். 160 இருந்தது. மறுபடி ஏற்றினார்கள். அப்போதுதான் நான் அவருடைய வாயைக் கவனித்துப் பார்த்தேன். அவர் "ஒன்று" என்று தொடங்கவே இல்லை. "லாபம், இரண்டு, மூன்று" என்றுதான் தொடங்கினார்.

நெல் அளக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லி அளப்பது நம்மவர்களின் பழைய வழக்கம். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு அதை யார் சொல்லித் தந்தார்கள்? எங்கள் அரிசி கூட்டுறவுக் கடையில் நிறுத்துப் பையில் வந்தது. லாபம் என்பதை நான் ஒரு மங்கலச் சொல்லாக, தேங்காய் உடைப்பது போன்ற ஒன்றாக எடுத்துக்கொண்டேன். அதற்குக் கோடு போடவில்லை. சுற்றுக்கு ஒன்று, எட்டுச் சுற்றுக்கு எட்டு.

அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. தோளில் கிடந்த சாக்கால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, லாபமும் ஒன்றுதான்" என்று மட்டும் சொன்னார். இறக்கியதற்கும் இரண்டாம் முறை ஏற்றியதற்கும் அன்று யாரும் கூலி கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எனக்கு அவமானம் மட்டும்தான் தோன்றியது. அவர்களுடைய 320 மூட்டை உழைப்பு என் கணக்கில் தொங்கிக்கொண்டு நிற்பது புரிய வருடங்கள் ஆயின.

இனி அந்த முதலாளியைப் பற்றி. அவர் கெட்டவர் அல்லர். மத்தியானம் எங்கள் எல்லாருக்கும் அவர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வரும். அவரும் அதே அடுக்கிலிருந்துதான் சாப்பிடுவார். அது எப்படிப்பட்ட காலம் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். மலையகத்தான் என்றாலும் தமிழன், கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவு வேண்டும், சோதனைச் சாவடியில் காட்ட அடையாள அட்டையோடு கடைக் கடிதமும் வேண்டும். "இவர் எமது கடையில் கடமையாற்றுகிறார்" என்று கடைத் தாளில் சிங்களத்தில் எழுதி, முத்திரை குத்தி, திகதியிட்டுத் தந்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். ஒருநாள் இரவுச் சுற்றிவளைப்பில் அந்தக் கடிதமும் போதாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். விடியும் முன் சாரத்தோடு நிலையத்துக்கு வந்து என்னை மீட்டுக்கொண்டு போனவர் அவர்தான். எந்த நியமனக் கடிதத்திலும் இந்தக் கடமை எழுதியிருக்காது.

ஆனால் ஓய்வுகாலத்துக்கென்று முதலாளி மாதாமாதம் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதியை அவர் எனக்குக் கட்டவில்லை. மூன்று வருடம், ஒரு சதம்கூட.

1995இல் அச்சுப்பிழை திருத்தும் வேலைக்கு வேறோர் இடத்தில் சேர்ந்தபோதுதான் அது எனக்கே தெரியும். கணக்குப் பகுதியில் இருந்தவர் பழைய இடத்து அங்கத்தவர் இலக்கத்தைக் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் மூன்று வருடம் என்ன செய்தாய்?" என்றார். கேலியாகக் கேட்டாரா, கவலையாகக் கேட்டாரா என்று இன்றும் தெரியாது. வேலை பழகினேன் என்று சொன்னேன். எனக்கும் அப்படித்தானே சொல்லியிருந்தார்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். அந்த நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டினது. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதத்தைப் பிடித்து, தன் பங்காக 12 சதவீதத்தைச் சேர்த்து முதலாளி மாதாமாதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம் வேறு, அதை உங்களிடம் பிடிக்கவே முடியாது. உங்கள் 35,000 ரூபாவில் இந்த 12உம் 3உம் சேர்ந்த முதலாளியின் பங்கு மட்டும் மாதம் 5,250 ரூபா, எட்டு மாதத்துக்கு 42,000. உங்களிடம் பிடிக்காமல் விட்ட பங்கையும் அவரே கட்டித் தீர்க்க வேண்டும் என்பதால் மொத்தம் 64,400 ரூபா. பிந்தினால் அதற்கு மேலதிகக் கட்டணமும் ஏறும். பழகுகிற காலம், தற்காலிகம், நாட்கூலி என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இது பொருந்தும்.

வேலை நேரத்துக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடையிலும் அலுவலகத்திலும் சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்குக் கொடுப்பனவு. ஒன்பதிலிருந்து ஏழரை வரை எத்தனை மணி என்று சேலை மடிப்பவருக்கு நான் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் முதலாளி உங்கள் முதல் வருடத்துக்கு லாபம் என்று பெயர் வைத்திருக்கிறார். வாயால் சொல்கிறார், கோடு போடவில்லை. நான் அறியாமல் செய்ததை அவர் தெரிந்து செய்கிறார். சேமலாப நிதி என்று அந்தச் சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் நிதியில் உங்கள் எட்டு மாதமும் ஒன்று, இரண்டு என்று ஏறியிருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன பாடப் பட்டியல்களில் எனக்கும் நம்பிக்கை இல்லை. பொறுமையும் பணிவும் நல்ல குணங்கள்தாம். ஆனால் முதல் வேலைக்காரர் அவற்றைக் கற்றால் யாருக்கு இலாபம் என்றும் கேட்க வேண்டும். நேரந்தவறாமையை நான் கடையில் கற்கவில்லை. ரயிலைத் தவறவிட்டால் ஊருக்குப் போக முடியாது என்ற பயம் கற்றுத்தந்தது.

ஆனால் சேலை மடிப்பதைத் தவிர வேறு எதுவும் கற்கவில்லை என்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குருநாகலிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வரும் குடும்பம் ஒசரிக்கு (கண்டிப் பாணிச் சேலைக்கு) எந்தத் துணியைத் தொட்டுப் பார்க்கும், யாழ்ப்பாணத்து அம்மா எந்தக் கரையைப் பார்த்து முகம் சுளிப்பார், பணம் கையில் வைத்திருப்பவர் மாப்பிள்ளையின் தாயா, பெண்ணின் அண்ணனா என்பதெல்லாம் இப்போது உங்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். பசறையிலிருந்து கொண்டுவந்த சிங்களம் இந்த எட்டு மாதத்தில் பேரம் பேசும் சிங்களமாக மாறியிருக்கும். மடித்த சேலையில் முந்தானை எவ்வளவு தெரிய வேண்டும் என்று உங்கள் கை முடிவு செய்கிறது. கை முடிவு செய்யத் தொடங்கிவிட்டதால்தான் கற்றதே தெரியவில்லை. மூன்றாம் வருடத்தில் வெங்காய மூட்டையில் தோளை முட்டினாலே உள்ளே அழுகல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியும். ஈரம் பிடித்த மூட்டை சூடாக இருக்கும். அதைத் தனியே எடுக்காவிட்டால் பக்கத்து மூட்டையும் போய்விடும். இன்று அந்த அறிவால் எனக்கு நயாபைசா பயனில்லை. ஆனாலும் அது என்னுடையது. அதைக் கற்றதற்காகச் சம்பளத்தில் யாரும் கழித்துக்கொள்ள உரிமை கிடையாது.

இருப்பதா, விடுவதா என்பதற்கு: முதலில் கேளுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அங்கத்தவர் இலக்கம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் மரியாதையாக எழுதிக் கேட்டு, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வரவுப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தால் படம் எடுத்துவிடுங்கள். உங்களோடு நிற்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இலக்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்டால் முதலாளியின் அன்பு வேறு வடிவம் எடுக்கும். மறுத்தால் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறையிடலாம். வேலையை விட்டுப் போன பிறகும் முறையிடலாம். போவதென்றால் கணக்கைக் கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்காமல் போனவன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் உபதேசமாகிவிடும். அந்தக் கணக்குப் பகுதிக்காரரின் கேள்விக்குப் பிறகு ஒருநாள் தொழில் திணைக்களத்துக்கு நானும் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்டார். என்னிடம் இருந்தது ஒன்றுதான், பொலிசுக்குக் காட்டிய அந்தக் கடிதம். முத்திரையும் திகதியும் இருந்தன, அது போதும் என்றார். மேசைமேல் வைத்தேன். சாரத்தோடு நிலையத்துக்கு வந்த மனிதரின் கையெழுத்து அதில் இருந்தது. பிறகு வருகிறேன் என்று சொல்லி எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். பிறகு போகவில்லை.

அது நன்றியுணர்ச்சி என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். சில வருடங்கள் கழித்து நான்காம் குறுக்குத் தெருவில் என் பழைய மேசையில் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்துப் பேசினேன். நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளை, இரண்டு வருடமாகிறதாம். இலக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். "இன்னும் இல்லை அண்ணா, பழகுகிற காலம்தானே" என்றான்.

உங்கள் கடையின் பெயரையும் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், நீக்கிவிட்டேன். என் மனைவி பல வருடங்களாகச் சேலை எடுப்பது அங்கேதான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, தீபாவளிக்கு முன் சொல்ல வேண்டும். உங்களுக்கு இலக்கம் கிடைத்தால் ஒரு வரி எழுதுங்கள்.